கஸ்தூரி சொன்ன பதில்

செவ்வாய். வெளியே தூறல்.

இன்று எங்கள் தறியில் நானும் எதிர்வீட்டுக் கஸ்தூரியும் புதுப் பாவு சேர்த்தோம். பழைய பாவின் ஒவ்வோர் இழையையும், விரலில் சாம்பல் தொட்டு, புதிய இழையோடு முறுக்க வேண்டும். ஆளுக்கொரு ஓரத்தில் தொடங்கி நடுவில் சந்திப்போம்.

அப்போது ஒரு டிவிக்காரப் பெண் மைக்கோடு வந்தாள். சீனாவோடு மறுபடியும் உறவு வேண்டுமா என்று தெருவெல்லாம் கேட்கிறாளாம்.

"கூடவே கூடாதும்மா! நம்ம பசங்க உயிர வாங்குனவங்களாச்சே," என்றேன்.

கஸ்தூரியின் மகன் ராணுவத்தில், சீன எல்லையின் பனிமலையில்தான் இருக்கிறான். அவள் என்னைவிடக் கடுமையாகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"பேசட்டும்மா," என்றாள். "அவங்க பேசிக்கினு இருந்தா என் புள்ள கொஞ்சம் தூங்குவான்."

அந்தப் பெண் போனபின் மறுபடி இழையைப் பிடித்தோம். எனக்குக் கோபம். செத்தவர்களை அவ்வளவு சுலபமாக மறந்துவிடுவதா? விரல்கள் மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தன. நடுவுக்கு வந்தபோது என் விரலில் சாம்பல் தீர்ந்திருந்தது. கஸ்தூரி தன் சாம்பலைத் தொட்டு என் விரலில் தடவினாள்.

நாங்கள் முறுக்கிய இழையும் சீனத்து நூல்தான். கப்பலில் வருகிறதாம். ஆனால் கண்ணை மூடினால் மலைவழியாகவே வருகிறது. பனிக்குள் பனியாக, கஸ்தூரி மகனின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு, ஓசையே இல்லாமல்.

நாளைக்குக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வேன்.

அவன் தூக்கம் கலையாதபடி, மெதுவாக.