மான் போட்ட காசு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சிட்டு எழுதுவது. இங்கே நான், அவர், பெண் மூவரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருப்பேன். ஆனால் போன தடவை நான் "வலி" என்றது உன் காதில் "வழி" என்று விழுந்து, பஸ் நம்பரெல்லாம் சொன்னாய். உனக்குக் கடிதம்தான் சரி.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கடையில் பழைய சாமான் பெட்டியை ஒழித்தேன். அடியில் என் பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. நான் கணக்குப் போட்டால்தானே பழசாகும்? காம்பஸ், டிவைடர் எல்லாம் வாங்கிய நாள் போலவே இருக்கின்றன. அதற்குள் மை ஒற்றும் தாளில் சுற்றியபடி அந்த மான் போட்ட காசு. சத்துமாவு கம்பெனியின் வெள்ளிவிழாவுக்கு டப்பாவுக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா இரண்டு டப்பா வாங்கினாள், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உன்னுடையது ஆல்பத்தில் ஏறியது. என்னுடையது அன்று சுற்றி வைத்ததோடு சரி. கறுத்துப்போய்க் கிடக்கிறது.

என் சலூனுக்குப் பக்கத்துக் கடை கடிகாரக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணில் மாட்டிய லென்ஸை ரொம்ப நேரம் கழற்றவே இல்லை. "அம்மா, மத்த காசுல மான் கொம்புக்கு மூணு கெளைதான் இருக்கும். இதுல நாலு இருக்கு. மொதல் அச்சுல தப்பா நாலு போட்டுட்டு, பாதியில நிறுத்தி மாத்துனாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இதைத் தரம் பாக்குற எடத்துக்கு அனுப்புங்க. எழுபதுக்கு மார்க் போட்டு, கண்ணாடிப் பெட்டியில வச்சு சீல் பண்ணித் தருவாங்க" என்றார்.

கட்டணத்தைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கடை வாடகை அளவு இருக்கிறது. அனுப்பலாமா, வேண்டாமா? முப்பது வருஷமாகக் காசு சேர்க்கிறவள் நீ. சங்கத்துக்குச் செயலாளர் வேறு. நீ சொன்னால் சரி. ஸ்டூடியோவில் பெரிதாகப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் கன்னத்தைக் கிள்ளி முத்தம்.

சிட்டு

*

மார்ச் 9

என் செல்லத் தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். கடிதமும் படமும் வந்தன. அத்தானுக்கு வலி அப்படியேதான். மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறார். நூலகத்தில் எனக்கு ஒரே வேலை. புதிய அலமாரிகள் வந்து இறங்கியிருக்கின்றன, அடுக்க ஆள் இல்லை. உனக்கென்ன, வருகிறவர்களுக்கு முடி வெட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசினால் பொழுது போய்விடும்.

காசைப் பற்றிக் கேட்டாய். மான் காசு ஒன்றும் அதிசயம் இல்லை. லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். எங்கள் சங்கத்தில் ஒருவர் அதைச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார். நான்காவது கிளை என்று உன் கடிகாரக்காரர் சொல்வது கீறலாக இருக்கும், இல்லையென்றால் படிந்த அழுக்காக இருக்கும். கடிகாரம் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். கண்டவர் பேச்சைக் கேட்டுக் கைக்காசைக் கரைக்காதே.

இன்னொன்று. உனக்கு மறந்திருக்கலாம். அன்று முதலில் திறந்தது என் டப்பா. அதிலிருந்து வந்த காசு எப்படி உன் பெட்டிக்குள் போனது என்று எனக்குத் தெரியவில்லை. போகட்டும், இந்த வயதில் அதையா பேசுவது?

வேண்டுமானால் காசை எனக்கு அனுப்பு. ஆல்பத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் முகம் வாடிவிட்டது. ஆனாலும் நீ சொல்வதில் நியாயம் இருக்கும் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

டப்பா விஷயத்தில் மட்டும் உனக்கு ஞாபகம் பிசகிவிட்டது. இரண்டு டப்பாவையும் அம்மா ஒன்றாகத்தான் திறந்தாள். "பெரியவ மொதல்ல எடுத்துக்கட்டும்" என்றாள். நீ இரண்டு காசையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, பளபளப்பானதை எடுத்துக்கொண்டாய். மங்கலானதை என் கையில் வைத்து, "சின்னவளுக்கு இது போதும்" என்றாய். நான் அழக்கூட இல்லை. காசுக்கு அழுகிற வயதா அது?

அக்கா, கோபித்துக்கொள்ளாதே, நான் அனுப்பிப் பார்க்கப் போகிறேன். காசு நஷ்டமானால் ஆகட்டும் என்று அவரும் சொல்லிவிட்டார். காரணம் கேட்டால் சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு அறுபது என்பதை என் தாளில் நான் பார்த்ததே இல்லை. உன் ரிப்போர்ட் கார்டை அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். என்னுடையதைக் கேட்டால், "அது நல்லா ஓடியாடும்" என்பார். எனக்கு வராத மார்க் என் காசுக்காவது வரட்டுமே! சீல் வைத்த பெட்டியில், மேலே நம்பரோடு, கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பேன்.

இப்போது ஒரு சந்தேகம். காசு கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. "இப்படியே அனுப்பினா மார்க் கொறைச்சுடுவாங்கம்மா, தேச்சுப் பளபளன்னு ஆக்கி அனுப்பு" என்று பெண் நச்சரிக்கிறாள். கடிகாரக்காரரைக் கேட்கலாம் என்றால் அவர் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகும். நீதான் உன் காசுகளைப் பஞ்சு கையுறை போடாமல் தொடவிடமாட்டாயே. தேய்க்கலாமா, கூடாதா? உடனே பதில் போடு.

சிட்டு

*

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

அனுப்புவது என்று முடிவு கட்டிவிட்டாய், அப்புறம் என்னை எதற்குக் கேட்கிறாய்? சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

குளிக்காமல் பரீட்சைக்குப் போவார்களா? தேய்த்தே அனுப்பு. ஈரத்துணியில் கொஞ்சம் பல்பொடி எடுத்துக்கொண்டு, கொம்புப் பக்கம் நன்றாக அழுத்தித் தேய். கண்ணாடி மாதிரி வரும்.

நீ விசாரித்ததை அத்தானிடம் சொன்னேன். இங்கே வெயில் ஏறிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

மே 11

அக்கா,

காசு திரும்பி வந்துவிட்டது. கூட வந்த சான்றிதழை அப்படியே எழுதுகிறேன். "அசல். முதல் அச்சு. கொம்பில் நான்கு கிளைகள். தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டிருப்பதால் மதிப்பெண் வழங்க இயலாது."

பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறுமனே இருக்கிறது.

கடிகாரக்காரர் வந்து பார்த்தார். அப்புறம், "அடப் பாவமே! யாரும்மா தேய்க்கச் சொன்னது? தேச்சா காசு செத்துப்போச்சுன்னு சேக்குறவங்க எல்லாருக்கும் தெரியுமே! மொத நாள் பாடமே அதுதானே. அன்னிக்கு இருந்தபடி விட்டிருந்தா அறுபத்தஞ்சுக்கு மேல போயிருக்கும்" என்றார். "நானாத்தான் தேச்சேன், அறிவு இல்லாம" என்றேன். பக்கத்தில் இருந்த பெண், "ஏம்மா, பெரியம்மாதானே..." என்று வாயைத் திறந்தாள். தொடையில் கிள்ளிவிட்டேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அன்று தேய்த்ததை நினைத்தால்தான் ஆறவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, நீ சொன்னபடியே, கொம்புப் பக்கம் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு கழன்று மஞ்சளாக மின்னியதும், நானும் அவளும் கைதட்டிச் சிரித்தோம்.

சான்றிதழ் வந்த பிறகு ஒரு வாரம் எனக்கு வேலையில் கவனமே இல்லை. ஓர் அம்மாவுக்கு ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வெட்டிவிட்டேன். நல்ல மனுஷி, "இதுதான் இப்ப பேஷனா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா, நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். தேய்க்கக் கூடாது என்று உனக்குத் தெரியாது, இல்லையா? நீ பழைய காசுதான் சேர்க்கிறாய், விளம்பரக் காசு வேறு மாதிரி என்று நினைத்திருப்பாய். தெரியாது என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. நான் நம்பிக்கொள்கிறேன். அதற்கு மேல் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.

சிட்டு

*

மே 17

சிட்டு,

தெரியும்.

நீ கேட்ட ஒரு வரியை நான்கு தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது தாளில் இதை எழுதுகிறேன்.

படம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. லென்ஸை வைத்து எண்ணினேன். நான்கு. என் காசை ஆல்பத்திலிருந்து எடுத்து எண்ணினேன். மூன்று. அத்தான் சாப்பிடக் கூப்பிட்டபோதும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல. அந்த வாரம் சங்கக் கூட்டத்தில், "ஏதாச்சும் புதுசு உண்டா?" என்று தலைவர் கேட்டார். என் தங்கையிடம் நாலு கிளை மான் இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் எழுந்து நின்றிருப்பார்கள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

டப்பாக் கதையும் பொய். நான்தான் முதலில் எடுத்தேன், நீ எழுதியபடியேதான்.

ஏன் இப்படிச் செய்தேன்? நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உன் கடைக்கு வரும்போதெல்லாம், "சிட்டோட அக்காவா?" என்று கேட்டு நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். இந்த ஊரில் என்னை யாருடைய அக்கா என்றும் கேட்பதில்லை, யார் என்றும் கேட்பதில்லை. புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ சிரித்தால் போதும், மனிதர்கள் உன் பக்கம் வந்துவிடுகிறார்கள். அம்மாவும் அப்படித்தான். கடைசி மாதம் மருந்து கொடுத்தது நான். அவள் கேட்டது, "சிட்டு எப்ப வருவா?" என்றுதான்.

உனக்குத் தெரியாதது, எனக்குத் தெரிந்தது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காசு. முப்பது வருஷம், எத்தனை சந்தை, எத்தனை பழைய சாமான் கடை! தரம் பார்க்க அனுப்பும் அளவுக்கு ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. அது உன் ஜியாமெட்ரி பாக்ஸில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. வயிறு எரிந்தது, சிட்டு. பொறாமை என்பதை நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அது இப்படி நெஞ்சுக்குழியில் வந்து உட்காரும் என்று தெரியாது.

பள்ளியில் அறுபது வாங்கியதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மார்க் வாங்குவது என் இடம், அதிலும் வந்து நிற்கிறாளே என்றுதான் தோன்றியது. அந்தக் கையோடுதான் பல்பொடி என்று எழுதினேன்.

கடிதம் உன்னிடம் வந்து சேர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் போனில், "தேய்க்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் காது மந்தம், வாய்க்கு ஒன்றும் இல்லையே. போனைத் துடைத்துத் துடைத்து வைத்தேன், எடுக்கவில்லை. நான்காவது நாள், இனி என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது, நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதத்தான் கை கூசுகிறது.

என் ஆல்பத்தை உனக்கு அனுப்பிவிடலாம் என்று எடுத்து, காகிதமும் சுற்றினேன். பிறகு, அதுவும் ஒரு வகை லஞ்சம் என்று பட்டது. பிரித்து வைத்துவிட்டேன். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கடிகாரக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடு. முக்கியமாகப் பெண்ணிடம் சொல். அவள் சொல்ல வந்தது சரி. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்கிய பிள்ளை, நாளைக்கு எதையும் சொல்லாது.

அத்தானிடம் நேற்றுச் சொன்னேன். ரொம்ப நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன்.

அக்கா

*

மே 29

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் படிக்கிறேன், மடித்து வைக்கிறேன்.

பெண்ணைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி, அம்மா கிள்ளுனது தப்பு" என்றேன். "பெரியம்மா ஏம்மா அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டாள். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாவம்மா பெரியம்மா" என்றாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. சாப்பிடும்போது வருகிறது, தலை சீவும்போது வருகிறது. நீ "தெரியாது" என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன், சத்தியமாக. நம்பிவிட்டு, ஏனோ உனக்குக் கடிதம் எழுதுவது மெல்ல மெல்ல நின்றுபோயிருக்கும்.

அம்மா கடைசியில் என்னைக் கேட்டாள் என்று எழுதியிருந்தாய். என்னை எதற்குக் கேட்டாள் தெரியுமா? நான் வந்ததும் முதலில் சொன்னது, "பெரியவ மூணு நாளா தூங்கல, நீ உக்காரு, அவ போய்ப் படுக்கட்டும்" என்றுதான். இத்தனை வருஷமாக இது உனக்குத் தெரியாது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இப்போதைக்கு எனக்கு எழுதாதே. எழுதினால் நான் ஏதாவது ஏறுக்குமாறாகப் பதில் போடுவேன், அப்புறம் அதை அழிக்க முடியாது. கோபம் ஆற எனக்கு நாலு மாசம் வேண்டும். நான் மெதுவாகக் கற்றுக்கொள்கிறவள், உனக்குத் தெரியும்.

அக்டோபர் முதல் தேதி உன் கடிதம் என் கையில் இருக்க வேண்டும். வராவிட்டால் பஸ் ஏறி வந்து உன் வாசலில் நின்று கத்துவேன். உன் காதுக்கே கேட்கும்.

அத்தானுக்கு முழங்காலுக்குக் கட்டும் பட்டி ஒன்று தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். படி ஏறும்போது மட்டும் போடச் சொல்.

சிட்டு