நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் பேத்தி குருவியும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனா மூடியைத் திறந்திருக்கிறேன். இது யாரிடமும் சொல்லி எழுதவைத்த கடிதம் இல்லை கண்ணு, நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. தப்பு இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பிவிடாதே.

முழங்கால் முன்பு போல்தான், படி ஏறும்போது மட்டும் முனகும், லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மாத்திரை அட்டையில் எது காலைக்கு எது ராத்திரிக்கு என்று இப்போது நானே படித்துக்கொள்கிறேன். சோப்பு உறை, கடைப்பலகை, மின்சாரப் பெட்டியில் எழுதியிருக்கும் எச்சரிக்கை, ஒன்றையும் விடுவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் டிப்போவில் பஸ் கழுவினேன், அதன் நெற்றியில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கழுவினேன். இப்போது போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னைக் கண்டக்டர் என்று நினைத்து வழி கேட்கிறார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர், "பெரியவரே, மூடி வெச்ச வாய்க்கு இப்பதான் பூட்டுத் திறந்திருக்கு, இனிமே தெரு தாங்காது" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தச் சந்தோஷம் அவருக்கு எங்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். குருவியின் காலேஜ் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை கொடுத்தாகிவிட்டது. நீ அனுப்பியது போகவில்லை, அவள் எழுதியதுதான் போனது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. அவளைத் திட்டுவதற்குப் போனை எடுக்காதே, திட்டுவதென்றால் என்னைத் திட்டு, என் காது பஸ் இரைச்சலைக் கேட்டே பழகியது.

அந்தக் காலேஜில் உன்னைப் பற்றி உன் சொந்த வார்த்தையில் இரண்டு பக்கம் கையால் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தார்கள் அல்லவா, அவள் முதலில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். லிஃப்ட் ஓடவில்லை என்று நாற்பது வீட்டுக் கதவைத் தட்டிக் கையெழுத்து கேட்டாளே, அதுதான். பதினொரு பேர்தான் போட்டார்கள், முதல் கையெழுத்து என்னுடையது, மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதை உனக்கு அனுப்பினாள். நீ போனில், "தோத்த கதையை எழுதி யாராவது சீட்டு வாங்குவாங்களாடி" என்றாய். பிறகு அதைத் திருத்தினாய், திருத்தியதைத் திருத்தினாய், ஐந்தாம் தடவை அவள் எழுதியதில் அவள் பெயர் மட்டும் மிஞ்சியது. கடைசியில் நீயே முழுதாக ஒன்று எழுதி, இதைப் பார்த்து அழகாக எழுதிக் கொடு என்று அனுப்பினாய். அவள் அதை அச்செடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள், வேறு பேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்லாமல் உனக்கு நியாயம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. புதன்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தாள். அவள் முதலில் எழுதிய லிஃப்ட் கதை, காலேஜ் கொடுத்த நல்ல தாளில் சுத்தமாக எழுதியது, மேசையில் கிடந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் நாலு விரல் அளவு இடம் சும்மா இருந்தது. எழுதக் கற்றுக்கொண்டவனுக்குச் சும்மா கிடக்கிற தாளைப் பார்த்தால் கை நிற்குமா? இவள் நல்ல பெண், மேலே உள்ளது எல்லாம் உண்மை, எனக்கு வெந்நீர் வைத்துத் தருவாள், ஆகவே சேர்த்துக்கொள்ளவும், இப்படிக்கு இவள் தாத்தா என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பரிந்துரை செய்த பெருமையில் ஒரு டீ கூடப் போட்டுக் குடித்தேன்.

அவள் வந்து பார்த்தாள். தாளை எடுத்து அடிவரை படித்தாள். பிறகு, "அம்மா போன்ல பண்றதை நீங்க பேனால பண்றீங்க தாத்தா" என்றாள். எனக்கு முகம் செத்துப்போனது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்றேன். "அம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்றீங்க, நான் எங்க நிக்கிறது?" என்றாள். அழுவாள் என்று பார்த்தால், அந்த வெந்நீர் வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை, எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்தத் தாள் வீண்தான். காலேஜில் இன்னொரு தாள் கேட்டு வாங்கி, வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக எழுதினாள்.

என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. காலேஜுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஃபைல் என் மடியில்தான் இருந்தது. ஐம்பது நிமிஷப் பயணம், பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தை எல்லாம் இரண்டு தடவை படித்தேன், அதைத் திறக்கவில்லை. கவுன்டரில் இருந்த அம்மாள், "யாரு எழுதிக் கொடுத்தாங்க, வீட்லயா, டியூஷன்லயா?" என்று தலை நிமிராமல் கேட்டார். குருவி, "நான்தான் மேடம்" என்றாள். அப்படியானால் இதில் கையெழுத்துப் போடு என்று ஒரு தாளை நீட்டினார், இதை நானே எழுதினேன், வேறு யாரும் எழுதவில்லை என்று அதில் இருந்தது, நானும் எட்டிப் படித்தேன். குருவி சட்டென்று போட்டாள். நீ அனுப்பியது உள்ளே இருந்திருந்தால் அந்த இடத்தில் அவள் கை என்ன பாடுபட்டிருக்கும், யோசித்துப் பார். வெளியே வந்து, சீட்டு கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்றேன். "கிடைக்கலன்னா எனக்குத்தானே கிடைக்கல" என்றாள். எவ்வளவு லேசாகச் சொன்னாள் தெரியுமா.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு மகளுக்குத் தலை வாரிவிட முடியவில்லை, எழுத்தையாவது வாரிவிடலாம் என்று பார்க்கிறாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உன் இரண்டு பக்கத்தையும் நான் படித்தேன். அரை நாள் ஆயிற்று. மத்தியான மணி அடித்ததும் சாப்பாட்டு டப்பாவோடு டிப்போவுக்கு ஓடுவேன், தாத்தா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வருவார் என்று குருவி சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். குருவி பிறப்பதற்கு முன்பே நான் வேலையை விட்டுவிட்டேன். அவள் ஒரு நாளும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்தது நீ. நீ காலேஜுக்கு விண்ணப்பம் போட்டபோது உன் மார்க்கைக் கேட்டார்கள், உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது மகளைக் கேட்டதும் நீ பதில் சொல்லிவிட்டாய். அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன், குருவியும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் எழுதியதை முடிவு வந்த பிறகு அவளே உனக்குப் படித்துக் காட்டுவாளாம், அதுவரை கேட்காதே.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து, நிறைவாக இருங்கள். வேலை முடிந்து வந்தால் நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. மறக்காமல் ஒரு காரியம் செய். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நீ பஸ்ஸின் பின்கண்ணாடித் தூசியில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாய், பிறகு நான் வந்து கழுவிவிடுவேன் என்று உன் இரண்டு பக்கத்தில் இருக்கிறது. தினமும் கழுவினேன். கிறுக்கல் என்று நினைத்தேன் கண்ணு, எழுத்து என்று தெரியாது. என்ன எழுதினாய் என்று நீ அதில் சொல்லவில்லை. உன் பெயரிலேயே எனக்கு எழுது. இரண்டு பக்கம்தான் என்ற கட்டுப்பாடு என்னிடம் கிடையாது.

இப்படிக்கு,
நிதானமாகப் படிக்கிற
உன் அப்பா