இரண்டாம் பாகத்தில் உன் அலறல்

மேனாம்பேடு பஸ் ஸ்டாப் சுவரில் அந்த முகமூடிக் கொலைகாரன் படத்தின் இரண்டாம் பாகத்துப் போஸ்டர் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகமூடிக்காரனின் ஒரு கண்ணும் கத்தியும் மட்டும் மிச்சம். இன்று காலை அதன் முன்னால் நின்றபோது, நீ போன பிறகு நடந்ததை உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். நான் கம்பெனி வேலைக்குப் போனேன். நீ டப்பிங்குக்குப் போனாய். கதாநாயகிகளுக்கு அல்ல, படத்தில் சாகிறவர்களுக்கு. முதல் பாகத்தில் குத்துப்பட்டுச் செத்த பெண்களில் முக்கால்வாசிப் பேரின் அலறல் உன்னுடையது. அம்பத்தூர் தியேட்டரில் ஒவ்வொருத்தி சாகும்போதும் கூட்டம் விசிலடித்தது. "செத்தா கைத்தட்டுறானுங்க பாரு," என்றாய். உன் முகத்தில் சிரிப்பில்லை.

இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டபோது உனக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்துவிட்டது. தடுத்தேன். "ஒரே ஒரு கத்துதான்டி பாக்கி கீது," என்று போனாய். அந்தக் கடைசிக் காட்சியில் பெண் கத்தியைப் பிடுங்கி முகமூடிக்காரனைத் திருப்பிக் குத்துகிறாள். அதற்கும் பயந்த அலறலைத்தான் கேட்டாராம் இயக்குநர். மாலையில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "பயந்தா மட்டுந்தான் கத்துவாங்களா, கோவம் வந்தா கத்த மாட்டாங்களான்னு கேட்டேன்டி. சரி, கோவமாவே கத்துன்னாரு. ஒரே டேக்."

படம் வருவதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

முதல் நாள் பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். முகமூடிக்காரன் ஒரு பெண்ணிடம் தோற்றதைக் கூட்டத்தால் தாங்க முடியவில்லை. உன் குரல் எழுந்ததும் ஊளையிட்டார்கள். முன்வரிசையில் ஒருவன் அதேபோல் அலறிக் காட்ட, வரிசையே சிரித்தது. எழுந்து நின்றேன்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற? அவ செத்தா விசிலடிப்ப, திருப்பி அடிச்சா சிரிப்பியா?"

"உக்காருக்கா, படம் மறைக்குது."

"உக்கார மாட்டேன். அந்தக் குரல் என் ஃப்ரெண்டோடது. முழுசா கேட்டுட்டுப் போ."

பெயர்கள் ஓடி முடியும்வரை நின்றேன். உன் பெயர் அதில் இல்லை. திரும்பிப் பார்த்தால், பின்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. போனைத் திறந்தாலே, வில்லனைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பல். ஒவ்வொன்றின் கீழும் உன் பெயரைப் போட்டு, கடைசி அலறல் இவளுடையது என்று எழுதினேன். திட்டினார்கள். மறுபடியும் எழுதினேன்.

போன வாரம் திருநின்றவூர் ரயிலில் ஒருவன் என் இடுப்பில் கை வைத்தான். இத்தனை வருடமாக ஒதுங்கி நின்றே பழகியவள் நான். அன்று அவன் முகத்துக்கு நேராகக் கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் பெண்கள் சேர்ந்து அவனை இறக்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பயம் துளியும் இல்லை. தொண்டை இன்னும் கரகரக்கிறது. மெதுவாகவே ஆறட்டும்.