ரெண்டு பாரிஸ்

மானாமதுரை
6.8.2004

விஜி அப்பாவுக்கு நாகவள்ளி எழுதுவது.

எப்பவும் எழுதுற நலமெல்லாம் இந்தத் தடவை கிடையாது. நானும் விஜியும் இருக்கோம், அவ்வளவுதான்.

நீக ரெண்டு தடவை போன் பண்ணுனதா பக்கத்து வீட்டு ஜெயமணி அக்கா வந்து கூப்பிட்டுச்சு. நான்தான் போகல. போன்ல பேசுனா அழுதுருவேன். கடுதாசின்னா நிதானமா திட்டலாம்.

போன மாசம் உங்க சிநேகிதர் இர்ஷாத், ஜெயமணி அக்கா வீட்டு போனுக்குப் பேசியிருக்காரு. "மாயாண்டி அண்ணன் பாரிஸ் போயிருக்காரு, பத்து நாள்ல திரும்பிருவாரு, அண்ணிகிட்ட சொல்லிருங்க"ன்னாராம். முதலாளி லீவு குடுக்கல, தீபாவளிக்கும் சந்தேகம்தான்னு எழுதுன மனுசன், சத்தமில்லாம மெட்ராஸுக்கு வந்து பாரிஸ் கார்னர்ல பத்து நாள் தங்கியிருக்கீக. குவைத்து ஃபஹாஹீல்ல இருந்து அம்புட்டு தூரம் வரத் தெரிஞ்ச ஆளுக்கு, மெட்ராஸ்ல இருந்து மானாமதுரைக்கு பஸ் ஏறத் தெரியலையா?

பொய்யா இருக்கும்னு நினைச்சுத்தான் உங்க முதலாளி வீட்டுக்கு போன் போட்டேன். வேலைக்காரப் பொண்ணு எடுத்து, "மாயாண்டி மாஃபி, மாஃபி"ன்னா. மாஃபின்னா இல்லைன்னு அர்த்தம்னு நீக சொல்லிக் குடுத்ததுதானே. அந்தப் பாடம் இப்படியா உதவணும்?

நீக குவைத்துல இருந்துதான் பேசுறேன்னு அக்காகிட்ட சொன்னீகளாம். போன்ல பேசுற வாய்க்கு ஊர் தெரியவா போகுது? மேலத்தெரு பாலகுரு துபாயில இருக்கான் இருக்கான்னு அவன் பொண்டாட்டி நம்பிக்கிட்டு இருந்தா. அவன் மண்ணடியில இன்னொரு குடும்பம் நடத்துனது ஊருக்கே தெரிஞ்சப்புறம்தான் அவளுக்குத் தெரிஞ்சது. நான் அவ மாதிரி கடைசியில தெரிஞ்சுக்க மாட்டேன்.

பாரிஸ்ல யார் வீட்டுல தங்குனீக? அதை மட்டும் உண்மையா எழுதுங்க. இல்லாட்டி விஜியைக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். போனா போனதுதான், அப்புறம் ஆள் விட்டுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

இப்படிக்கு,
நாகவள்ளி


ஃபஹாஹீல்
21.8.2004

அன்புள்ள நாகுவுக்கு,

அடியே என் ராசாத்தி! உன் கடுதாசியைப் படிச்சிட்டு முதல்ல எனக்கு ஒண்ணுமே விளங்கல. இர்ஷாத்கிட்ட காட்டுனேன். அவன் தலையில தலையில அடிச்சுக்கிட்டான். நான் போனது பாரிஸ் கார்னர் இல்ல புள்ள. பிரான்ஸ் தேசத்துல இருக்கிற பாரிஸு. விஜியோட புத்தகத்துல ஒரு இரும்புக் கோபுரம் படம் இருக்குமே, அந்த ஊரு. கோபுரத்துக்கு முன்னால நான் நிக்கிற போட்டோவை உள்ள வச்சிருக்கேன், பாரு. பின்னால தெரியிறது ஹைகோர்ட்டு இல்ல.

முதலாளி குடும்பம் வருசா வருசம் வெயிலுக்கு வெளிநாடு போவாக. இந்த வருசம் பெட்டி தூக்க என்னையும் சேர்த்துக்கிட்டாக. விசாவெல்லாம் அவுகளே முன்னாடி எடுத்து வச்சுட்டு, என்கிட்ட அன்னைக்குச் சாயங்காலம் சொல்லி அன்னைக்கே கிளம்பியாச்சு. அதான் இர்ஷாத்கிட்ட சொல்லிட்டுப் போனேன். இப்படி ஊர் ரெண்டாகும்னு யாரு கண்டா?

போன மறுநாளே முதலாளியோட அக்கா, நாங்க பெரிய மேடம்னு சொல்லுவோமே, ஓட்டல் படியில சறுக்கிக் கால்ல மாவுக்கட்டு. மிச்ச நாள் பூரா ரூமுக்குள்ளயே கிடந்து எல்லாரையும் ஏசிக்கிட்டு இருந்துச்சு. கடைசி நாள் காலையில, "நான் ஊரைப் பார்க்காம வரமாட்டேன், கார் வேணாம், காருக்குள்ள இருந்தா மத்தவன் காருதான் தெரியும், யல்லா, கிளம்பு மாயாண்டி"ன்னு சக்கர நாற்காலியில ஏறி உட்கார்ந்துக்கிச்சு. தள்ள ஆரம்பிச்சேன். பொழுதுக்கும் தள்ளுனேன்.

முதல்ல அந்தக் கோபுரம். மேல ஏற ஒரு மைலுக்கு வரிசை நிக்குது. மேடம் அண்ணாந்து பார்த்துட்டு, "குவைத் டவர்தான் அழகு, போ"ன்னுருச்சு. அப்புறம் ஆத்தோரமாவே போனோம். ஆடி மாசத்துல ஆறு நிறையத் தண்ணி ஓடுது நாகு! நம்ம வைகையை நினைச்சா வயிறு எரியுது. பாலம் பாலமா இருக்கு, ஒவ்வொண்ணுலயும் நின்னு பார்க்கணும் இந்த அம்மாவுக்கு. பெரிய மாதா கோயில் ஒண்ணு, மேல எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு பூதங்க எட்டிப் பார்க்குது. அங்கிட்டு தெரு பூராவும் கருங்கல் பதிச்சது. வண்டி தடதடன்னு ஆட, அந்தம்மா என்னை அரபியில திட்ட, நான் தமிழ்ல திட்ட, ரெண்டு பேருக்கும் வசவு புரியாததால சண்டை வரல.

திரும்பி ஓட்டலுக்கு வரத்தான் நினைச்சேன். வழி தப்பி, பெரிய ரயில் ஸ்டேஷன் ஒண்ணைத் தாண்டிட்டோம். அங்க பார்த்தா தெருவெல்லாம் தமிழ்ல போர்டு! முருங்கைக்காய் விக்கிது, வாழைப்பூ விக்கிது. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு கடைக்காரர், யாழ்ப்பாணத்து ஆளு, எங்களை உட்கார வச்சு டீயும் வடையும் குடுத்தாரு. மேடம் வடையைத் தின்னுட்டு கண்ணுல தண்ணி வர, இன்னொண்ணு கேட்டுச்சு.

இனிமே எழுதப் போறதைக் கோவிக்காம படி. அந்தக் கடைக்காரர் என்கிட்ட மெல்லச் சொன்னாரு. "அண்ணை, குவைத்துக்குத் திரும்பி ஏன் போறியள்? இஞ்சயே நில்லுங்கோ. என்ர கடையிலயே வேலை இருக்கு, பேப்பர் அலுவலைப் பிறகு பாப்பம்." வாங்குன சாமானுக்குக் கட்டுன வரியை ஊர் திரும்புறப்ப திருப்பிக் கேக்கணும்னு எல்லார் பாஸ்போர்ட்டும் மேடத்தோட பையில. அந்தப் பை நான் தள்ளுற வண்டியோட கைப்பிடியில தொங்குது. கையை நீட்டுனா என் பாஸ்போர்ட் என் கையில. அந்த டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் யோசிச்சேன் நாகு. சம்பளம் மூணு மடங்கு, முதலாளி கிடையாது, ஏவல் கிடையாது.

அப்புறம் கேட்டேன், "உங்க வீட்டுக்காரம்மா எங்க இருக்காங்க?"

"மனுசி யாழ்ப்பாணத்தில. நான் வந்து பன்னிரண்டு வருசம். இன்னும் கூப்பிட ஏலேல்ல"ன்னாரு. சொல்லிட்டு அந்தாளு சும்மா கல்லாப்பெட்டியைத் துடைக்கிறாரு. டீ கிளாஸைக் கீழ வச்சேன். எந்திரிச்சு வண்டியைப் பிடிச்சவன்தான், ஓட்டல் வர்ற வரைக்கும் நிக்கல. மேடம் "ஷ்வை ஷ்வை"ன்னு கத்துது, மெதுவா மெதுவான்னு. யாரு கேட்டா?

நான் அங்க நின்னுருந்தா அந்த வேலைக்காரப் பொண்ணு உன்கிட்ட சொன்னது நிசமாயிருக்கும். மாயாண்டி மாஃபிதான்.

அம்மா வீட்டுக்குப் போயிறாத. உன் பதில் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

உன்,
மாயாண்டி


மானாமதுரை
5.9.2004

என் பிரியமான விஜி அப்பாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்லா இருக்கோம். நீக வேளைக்குச் சாப்பிடுங்க.

உங்க கடுதாசியைப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல விஜி பயந்துபோய் ஜெயமணி அக்காவைக் கூட்டியாந்துட்டா. அக்கா போட்டோவைப் பார்த்துட்டு, "நான் மண்ணடிப் பாரிஸுன்னுல்ல நெனச்சேன், ஆத்தாடி!"ன்னு வாயைப் பொத்திக்கிச்சு. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சேன். நெஞ்சுல இருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக் கீழ வச்ச மாதிரி இருக்கு. வச்சப்புறம்தான் தெரியுது, எம்புட்டுக் கனம்னு.

உங்களுக்குச் சொல்லாம ஒண்ணு செஞ்சேன். அந்தப் பத்து நாளுக்குள்ள ஒரு நாள், விஜியை அக்காகிட்ட விட்டுட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறிட்டேன். கோயம்பேட்டுல இறங்கி, வழி கேட்டுக் கேட்டு பாரிஸ் கார்னருக்குப் போனேன். நானும் பொழுதுக்கும் நடந்தேங்க. ஹைகோர்ட்டு முன்னால, பூக்கடை, மண்ணடி, பர்மா பஜார்னு ஒரு சந்து விடல. உங்க உசரத்துல எவனாச்சும் முதுகைக் காட்டிக்கிட்டுப் போனா, ஓடிப்போய் முன்னால நின்னு மூஞ்சியைப் பார்ப்பேன். ஒருத்தன் "என்னம்மா வேணும்"னு கேட்டான். "ஒண்ணும் வேணாம், நீங்க இல்ல"ன்னேன். கண்டுபிடிச்சா செருப்பாலயே அடிக்கணும்னுதான் போனேன். ஆனா ஒவ்வொரு மூஞ்சியும் நீக இல்லைன்னு தெரியத் தெரிய, அப்பாடான்னு இருந்துச்சு. பஸ்ஸுல திரும்பி வர்றப்ப அழுதது வேற கதை.

டீ குடிக்கிற வரைக்கும் யோசிச்சேன்னு எழுதியிருக்கீக. அந்த இடத்துல கடுதாசியைக் கீழ வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மிச்சத்தைப் படிச்சேன். அதை நீக மறைச்சிருக்கலாம். மறைக்காததாலதான் மத்ததெல்லாம் நம்புறேன். ஆனா இனிமே வெளியில டீயே குடிக்காதீக!

அந்த யாழ்ப்பாணத்துக்காரர் பொண்டாட்டி பேரு தெரியுமா? பிள்ளையாருகிட்ட அவளுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன், பேரு தெரியாம.

உங்க,
நாகு


ஃபஹாஹீல்
24.9.2004

அன்புள்ள நாகு,

லீவு கிடைச்சிருச்சு! நம்ம கதையை இர்ஷாத் அரபியில பெரிய மேடத்துக்கிட்ட சொல்லிட்டான். அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, தம்பியை, அதான் நம்ம முதலாளியைக் கூப்பிட்டு, "தீபாவளிக்கு இவன் போகணும், கலாஸ், பேச்சு முடிஞ்சது"னு முடிச்சிருச்சு. அந்தம்மா கால்ல கட்டுப் பிரிச்சாச்சு, ஆனா இன்னும் நொண்டுது.

நவம்பர் ஏழாம் தேதி காலையில மெட்ராஸ்ல இறங்குறேன். நேரா பஸ் ஏறி வீட்டுக்கு வந்துருவேன், எங்கயும் தங்க மாட்டேன். உனக்கு என்ன வாங்கியாரணும், எழுது.

மாயாண்டி


மானாமதுரை
9.10.2004

விஜி அப்பாவுக்கு,

எனக்கு ஒண்ணும் வேணாம். விஜிக்கு மட்டும் கலர் பென்சில் வாங்குங்க, பெரிய டப்பாவா.

நேரா வீட்டுக்கு வர வேண்டாம். நானும் விஜியும் ஏர்போர்ட்டுக்கு வர்றோம். பெட்டியை மெட்ராஸ்ல இருக்கிற ஜெயமணி அக்கா தம்பி வீட்டுல போட்டுட்டு, ஒரு நாள் முழுக்க மூணு பேரும் பாரிஸ் கார்னரைச் சுத்திப் பார்க்கணும். நடந்துதான். நீக யாரையும் தள்ள வேண்டாம், கையை வீசிக்கிட்டு வாங்க.

போன தடவை போனேன்னுதான் பேரு. நான் அங்க பார்த்ததெல்லாம் ஆம்பளைங்க முதுகுதான். ஹைகோர்ட்டு என்ன கலர்னு விஜி கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல.

உங்க,
நாகு