மூன்று பேராய் ஒரு படம்

09.02.1999, செவ்வாய்

பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக். விடியற்காலையிலேயே எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் பஸ் ஏறியும் எழுபத்திரண்டாம் நம்பர்தான் கிடைத்தது. ஜெயந்தினியின் இதய வால்வை இனி மருந்தால் சமாளிக்க முடியாதாம். கொழும்பில் ஒப்பரேஷன், மார்ச் 22. நான் தேதியைத் துண்டில் எழுதி வாங்கினேன். அவளோ வெளியே வந்ததும், "போறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் ஒரு போட்டோ எடுக்கணுங்க" என்கிறாள்.

கல்யாணமாகிப் பத்து வருடம். மகள் நிசாந்தினிக்கு எட்டு வயது. மூவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. காரணம் நான்தான். மூன்று பேராக நின்று எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். என் அண்ணன் கணபதி இரண்டு கூட்டாளிகளுக்கு நடுவில் நின்று எடுத்தார், அந்த வருடமே மண்சரிவில் போய்விட்டார். அப்புறம் எப்படி நிற்பது?

21.02.1999, ஞாயிறு

ஸ்டூடியோ பாறூக் நானா ஒரு சின்னக் கெமராவை இரவல் தந்தார். "கல்யாண வீட்டு பிலிம் ரோல் தம்பி, பன்னெண்டு படம் மிச்சம் இருக்கு. பாத்து எடுங்க."

பதுளை பார்க்கில் நடந்தோம். பத்தடிக்கு ஒரு தடவை ஜெயந்தினிக்கு மூச்சு வாங்கியது. அவள் நின்ற இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்தேன். நின்றது படத்துக்காக என்று ஆகிவிடும் அல்லவா? பூப்பாத்தி அருகே அவளும் மகளும். தண்ணீர்த் தொட்டி ஓரம் நானும் மகளும்; அதை அவள் எடுத்தாள். பெஞ்சில் நானும் அவளும். அதை நிசாந்தினி எடுத்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஐஸ்கிரீம்காரர் கையை நீட்டினார். "தாங்க, நான் எடுக்கிறேன். மூணு பேரும் நில்லுங்க." அதற்குள் ஜெயந்தினி முந்தானையைச் சரிசெய்து, மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்" என்றேன்.

"பயமா இருந்தா நான் ஓரத்துல நிக்கிறேங்க."

அப்போது நடுவில் யார், பிள்ளையா?

"இல்லாட்டி கையில ஒரு கல்ல வச்சிக்கிறேன், நாலு கணக்காயிரும்." சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு கல்லையும் எடுத்துவிட்டாள்.

"ஒப்பரேஷன் முடிச்சிட்டு வா, எத்தன வேணும்னாலும் எடுக்கலாம். இப்ப வேணாம்னா வேணாம்!" சத்தம் போட்டுவிட்டேன். ஐஸ்கிரீம்காரர் நகர்ந்துவிட்டார். அவள் கல்லைக் கீழே போட்டாள். பஸ்ஸில் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

22.02.1999, திங்கள்

இன்னும் கோபம். தேத்தண்ணி மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. இருக்கட்டும். ஆள் இருந்தால் போதும் எனக்கு.

06.03.1999, சனி

படங்கள் கழுவி வந்தன. கட்டிலில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்தாள். ஒன்றில் நான் இல்லை, ஒன்றில் அவள் இல்லை, ஒன்றில் பிள்ளை இல்லை. "நம்ம வீட்டுல எப்பவும் ஒருத்தரு வெளியூரு போயிருக்க மாதிரி இருக்குங்க" என்றாள்.

சுருக்கென்றது. நாளைக்கே திரும்பவும் பார்க்குக்குப் போவோமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பயம். வேறென்ன.

22.03.1999, திங்கள், கொழும்பு

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தாலியைக் கழற்றி என் கையில் தந்தாள். "புள்ளைக்கு ரெட்டை ஜடை போடச் சொல்லுங்க, ஒத்தையா போட்டா ஸ்கூல்ல ஏசுவாங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

23.03.1999

ஜெயந்தினி போய்விட்டாள். நேற்று மாலை நாலு மணிக்கு.

28.03.1999, ஞாயிறு

வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது. இன்றைக்குத்தான் பேனாவைப் பிடிக்க முடிகிறது.

தூக்குவதற்கு முன்னால், தோட்டத்து வழக்கப்படி சவப்பெட்டியோடு படம் எடுக்க பாறூக் நானா வந்திருந்தார். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்கள். பக்கத்து லயத்து வீட்டு ஆட்கள் நின்றார்கள், சொந்தக்காரர்கள் நின்றார்கள். அப்புறம் அவர், "குடும்பம் மட்டும் நில்லுங்க தம்பி" என்றார். எல்லோரும் விலகினார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கம் நிசாந்தினி, இந்தப் பக்கம் நான்.

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, மூணு பேரா நிக்கலாமா?"

பார்க்கில் ஜெயந்தினி கேட்டபோது நிற்காதவன் நான். நிற்கலாம் என்று தலையை ஆட்டினேன். பாறூக் நானா கெமராவை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தூக்கினார்.

11.04.1999, ஞாயிறு

அந்தப் படம் வந்தது. துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கப் போனேன். நிசாந்தினி விடவில்லை.

"இதுலதாம்ப்பா நாம எல்லாரும் இருக்கோம்" என்றாள்.

சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.