கதவைத் திறந்தால் சிவப்பு

இன்று காலை, புதுக் கதவு பொருத்த வந்த ஃபிட்டர் உன் ஆப்புக்கட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "சார், இது பழைய கதவுக்கு அடியில கெடந்துச்சு. தூக்கிப் போட்டுறவா?" என்று கேட்டார். பலாக்கட்டை. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் சரிவு. எடுத்து முகர்ந்தேன். கழுவாத வாழைப்பழக் கூடையின் மணம் இன்னும் போகவில்லை. அந்த மணத்தில் பழத்தின் இனிப்பு பாதி, பயம் பாதி. பயம் உன்னுடையது அல்ல, என்னுடையது.

"இருக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு சேம்பருக்கும் புது இயந்திரம் இறக்குகிற முதலாளி ஒரு மரத்துண்டை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் வேறெப்படிப் பார்ப்பார்?

சாயங்காலம் நாலு மணிக்கு ஒப்படைப்பு. நம் சின்னமனூர் ரோட்டுக் கிடங்கில் வாழைக்காயைப் பழுக்கவைக்கும் ஆறு சேம்பர் அறைகளும் இனி மொத்தமாக இயந்திரத்தின் பொறுப்பு. குளிர், ஈரம், வாயு, விசிறி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் ஒரு செயல்முறைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் காலையிலிருந்து என் முன்னால் கிடக்கிறது. பேனாவைத் திறந்து மூடியாகிவிட்டது, பலமுறை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்க மாட்டாய் என்பது தெரியும். உயிரோடு இருந்தபோதும் நான் எழுதிக் கொடுத்த எதையும் நீ படித்ததில்லை.

நாம் தொழில் தொடங்கியபோது வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் தொலைநோக்கு, நீ கிட்டநோக்கு. நான் தேனியில் நடக்கும் வியாபாரிகள் கூட்டங்களுக்குப் போய் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டு வருவேன். நீ அறைக்குள் போய் இன்றைக்குக் காய் எப்படி இருக்கிறது என்று பார்த்து வருவாய். நிறுவனம் நடந்தது உன் வேலையால். விசிட்டிங் கார்டில் பெரிய எழுத்தில் என் பெயர்.

அப்போது இருந்தவை நாலு அறைகள். கனத்த கதவுகள். தரை கொஞ்சம் சரிவு என்பதால் விட்டால் தானாக வந்து சாத்திக்கொள்ளும். அதற்காக நீ செதுக்கியதுதான் இந்தக் கட்டை. காய் பழுக்கும்போது அதுவும் மூச்சு விடும், அந்த மூச்சு அடைத்த அறைக்குள் தேங்கும், நம் மூச்சுக்கு அது ஆகாது என்று வேலைக்கு வந்த எல்லோருக்கும் முதல் நாளே சொல்வாய். சொல்லிவிட்டு ஒரே ஒரு விதி வைத்தாய். கதவைத் திற. கட்டையை வை. ஒரு டீ குடி. அப்புறம் உள்ளே போ.

"ஏன்டா டீ? பத்து நிமிஷம்னு சொல்லிட்டுப் போயேன்" என்று நான் கேட்டேன்.

"பத்து நிமிஷம்னா ரெண்டு நிமிஷத்துல உள்ள போயிருவாய்ங்க மாப்ள. டீன்னு சொல்லிப் பாரு, சூடு ஆறாம ஒருத்தனும் நகர மாட்டான்."

நிர்வாகத்தைப் பற்றி நான் காசு கொடுத்துக் கேட்ட எந்தப் பேச்சிலும் இதைவிடச் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்கு வாக்கியமாகவே படவில்லை.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து அந்த ஆலோசகர் வந்தார். நல்ல மனிதர். மூன்று நாள் கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக எழுதினார். வேலை நடந்த நேரத்துக்குப் பச்சை, வீணான நேரத்துக்கு மஞ்சள். நாலாம் நாள் சுவரில் படம் போட்டுக் காட்டினார். எங்கே பார்த்தாலும் மஞ்சள். எல்லாம் டீ. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாக என் நிறுவனத்தின் முன்னேற்றத்தை ஒரு கிளாஸ் டீ தடுத்து வைத்திருக்கிறது என்று கண்டுகொண்டேன்.

நீ அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாய். "இவரு மூணு நாளும் வெளியதான உக்காந்திருந்தாரு? உள்ள எத்தன தடவ போனாரு?"

ஒரு தடவைகூடப் போகவில்லை. குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

நாலு அறைக்கும் சென்சார் வந்தது. ஒரு அறைக்கு மட்டும் வை, ஒரு போகம் பார்ப்போம், மற்ற மூன்றும் பழையபடி ஓடட்டும் என்றாய். கோளாறு வந்தால் ஒன்றோடு போகும் என்றாய். ஒரு அறைக்கு வாங்கினால் தள்ளுபடி கிடையாது என்றேன். வாயுவை அளக்கும் சென்சாரும் சேர்த்து வை என்றாய். அது அடுத்த கட்டம் என்றேன். அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த சொல் அதுதான். செய்ய விருப்பமில்லாத எல்லாவற்றுக்கும் அடுத்த கட்டத்தில் இடம் இருந்தது.

ஆக, சூட்டை மட்டும் அளந்தோம். சூடு அளவைத் தாண்டினால் என் போனில் சிவப்பு விளக்கு எரிந்து சங்கு ஊதும். அந்தச் சங்கை நான் மிகவும் நேசித்தேன். எங்கிருந்தாலும் என் கிடங்கு என் சட்டைப்பைக்குள் இருந்தது. ஊதிய அடுத்த நொடி ஈஸ்வரனுக்குப் போன் போடுவேன். அறைகளைப் பார்த்துக்கொண்டவன் அவன்தானே.

தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் ரசம் ஊற்றும்போது ஊதியது. இடது கையால் போனை எடுத்தேன்.

"ஏலே, மூணாவது சேம்பர் ஏன் சிவப்பு?"

"கதவு தொறந்திருக்கு முதலாளி. அதான் சூடு ஏறிருக்கும்."

"யாரக் கேட்டுத் தொறந்த?"

"அண்ணந்தான் சொன்னாக, தொறந்து வச்சிட்டு டீ குடிக்கணும்னு..."

"அங்கன டீக்கடையா நடத்துறோம்? சாத்துடா கதவ!"

பக்கத்து இலைக்காரர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். எவ்வளவு பெரிய நிறுவனம் என்றால் சாப்பிடக்கூட விடமாட்டேன் என்கிறது!

நீ மகள் பிரசவத்துக்காக நாகர்கோவில் போன அந்த இரண்டு வாரத்தில் என் போன் ஒரு தடவைகூட ஊதவில்லை. நாலு அறையும் பச்சை. காலையில் பச்சை, மத்தியானம் பச்சை. கம்பத்து வியாபாரிகள் இரண்டு பேருக்கு அதைக் காட்டினேன். ஒழுங்கு வந்துவிட்டது என்றேன். ஊதாத சங்கைப் பற்றி நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

அங்கே நடந்தது மிக எளிய விஷயம். கதவைத் திறந்தால் சிவப்பு, சிவப்பு வந்தால் முதலாளி திட்டுவார். வெளிக்காற்றை இழுக்கும் விசிறியைப் போட்டாலும் சூடு ஏறும். அதனால் விசிறியை நிறுத்தினார்கள். காயைப் பார்க்க வேண்டியிருந்தால் கதவை ஓர் ஆள் நுழைகிற அளவு திறந்து, உள்ளே போய், உடனே சாத்திக்கொண்டார்கள். கட்டை மூலைக்குப் போனது. என் சொல்லை இவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டு நடந்ததில்லை.

நீ பஸ் இறங்கி வீட்டுக்குப் போகாமல் பையோடு நேராகக் கிடங்குக்கு வந்தாய். நான் ஆபீஸில் இருந்தேன். "ஈஸ்வரன் எங்க?" என்று கேட்டாய். "மூணுல இருப்பான்" என்றேன், தலை நிமிராமல். நீ மூன்றாம் அறைக் கதவைத் திறந்த சத்தமும் பையைக் கீழே போட்ட சத்தமும் சேர்ந்து கேட்டன. ஓடி வந்தேன். ஈஸ்வரன் கிரேட் பெட்டி அடுக்குக்கு நடுவில் குப்புறக் கிடந்தான். அப்போதும் நீ உடனே உள்ளே பாயவில்லை. மூலைக்குப் போய்க் கட்டையை எடுத்துக் கதவுக்கு அடியில் செருகினாய். விசிறியைப் போட்டாய். வெளியில் நின்று மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற மூச்சு அது. அதே மூச்சில் அவன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாய். நான் அத்தனை நேரமும் என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் சொன்னதில்லை. கதவு திறந்ததால் என் சட்டைப்பையில் சங்கு ஊதியது. நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

ஈஸ்வரன் பிழைத்துக்கொண்டான். தேனி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி: "முதலாளி, சேம்பர் பச்சையாத்தான இருந்துச்சு?"

நீ என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாய். திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கதவ ஏன் தொறந்தேன்னு தெனம் போன் போட்டுக் கேட்டியே மாப்ள. ஏன் தொறக்கலன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

அவ்வளவுதான். பிறகு கேன்டீனுக்குப் போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாய்.

அதற்குப் பிறகு சங்கு வேறு ஆட்களின் போனுக்குப் போனது. கட்டை கதவடிக்குத் திரும்பியது. சில வருஷம் கழித்து நீ போய்விட்டாய். அல்லிநகரத்தில் ரோட்டோரமாகப் பைக்கை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்டாண்டு போட்ட பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். யாருக்கும் தொந்தரவில்லாமல் இயந்திரத்தை முதலில் நிறுத்தியிருக்கிறாய்.

இப்போது என்னைத் தொழில்நுட்ப மாற்றம் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். ஒரு அறையில் முதலில் சோதித்துப் பாருங்கள், புதியதை வைத்ததும் பழையதை எடுத்துவிடாதீர்கள், மாற்றத்தைத் தீர்மானிக்கும் முன் அதனோடு நாள் முழுக்க மல்லுக்கட்டப் போகிறவனைக் கேளுங்கள் என்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள். உன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் மூன்றாம் அறையையும் சொல்ல வேண்டிவரும்.

இதுவரை காலையில் எழுதியது. மத்தியானம் ஒன்று நடந்தது.

புது இயந்திரத்தை ஒரு வாரமாகச் சோதித்துப் பார்க்கிறோம். ஒப்படைப்புவரை விசிறி ஆட்கள் கையில்தான், வாயு சென்சாரும் இன்று சாயங்காலம்தான் இணையும். சங்கு மறுபடி என் போனுக்குத்தான் வருகிறது. வாரம் முழுக்கப் பச்சை. கம்பெனியின் இன்ஜினியர் பெண் செயல்முறைத் தாளின் ஏழாம் வரியைக் காட்டினார். கதவைத் திறந்ததும் உள்ளே செல்லலாம் என்று இருந்தது.

"வெயிட்டிங் டைம் இனிமே தேவையில்ல சார். கேஸ் சென்சார் பாத்துக்கும்."

"சென்சார் கெட்டுப்போச்சுன்னா?"

"சிவப்பு வரும் சார்."

"சிவப்பு வந்தா?"

"உங்க போனுக்கு அலாரம் வரும்."

"எனக்கு வந்தா?"

அவர் கையேட்டைப் புரட்டினார். கெட்டிக்காரப் பெண், நேர்மையானவர். ஆனால் என்னைப் பற்றிக் கையேட்டில் எதுவும் போடவில்லை.

ஈஸ்வரனைக் கூப்பிட்டேன். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆறு அறைக்கும் பொறுப்பு அவன்தான். "நேத்து எத்தன தடவ கதவத் தொறந்து வச்ச?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"எல்லாம் பச்சையாத்தான் இருக்கு முதலாளி."

நான் நிறத்தைக் கேட்கவில்லை.

அந்தத் தரையில் குப்புறக் கிடந்தவன் அவன். நெற்றியில் தழும்பு இருக்கிறது. ஆனாலும் அவனுக்குக் காய் விடுகிற மூச்சைவிட நான்தான் பெரிய பயம். எத்தனை லட்சத்துக்கு இயந்திரம் இறக்கினாலும் அதை ஏமாற்ற அவனுக்கு நான் காரணம் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

ஏழாம் வரியை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: கதவைத் திற. கட்டையை வை. ஒரு டீ குடி. அப்புறம் உள்ளே போ.

"இத சிஸ்டத்துல எப்படி சார் ஏத்துறது? கதவு அவ்வளவு நேரம் தொறந்திருந்தா அலாரம் அடிச்சிக்கிட்டே இருக்குமே?"

"அடிக்கட்டும்மா. எனக்கு இல்ல, ஈஸ்வரனுக்கு அடிக்கட்டும். அவன் பாத்துட்டு எனக்குச் சொல்லுவான்."

சொல்வானா? அதுதான் தெரியவில்லை. தாளில் எழுதிவிட்டால் போதும் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

சங்கை ஈஸ்வரன் போனுக்கு மாற்றும் முன் நாலு மணிக்கு எல்லோரும் மூன்றாம் அறைக்கு முன்னால் நின்றோம். "தொற" என்றேன். ஈஸ்வரன் திறந்தான். புதுக் கதவு தானாக நிற்குமாம், கட்டை தேவையில்லையாம். இருந்தாலும் குனிந்து நானே செருகினேன். முட்டி வலித்தது. என் சட்டைப்பையில் சங்கு ஊத ஆரம்பித்தது.

ஈஸ்வரனின் கை கதவுக்குப் போனது. சாத்துவதற்கு. பழக்கம்.

"விடு" என்றேன். "டீ எங்க?"

ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தான். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எந்த நொடி வெடிப்பேன் என்று. நான் போனை எடுக்கவில்லை. எடுக்காமலிருக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குளிருக்கு என்று நினைத்திருப்பான்.

பாதி கிளாஸ் தீர்ந்தபோது, கதவைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னான்: "முதலாளி... இந்த வாரம் பூரா விசிறிய நிறுத்தித்தான் வச்சிருந்தேன்."

சங்கு ஊதிக்கொண்டிருந்தது. உன் கட்டை கதவடியில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று கிளாஸை நீட்டினேன்.