அக்கா தண்ணீர் ஊற்றாத ஐந்து தொட்டிகள்

கப்பலின் இயந்திர அறையில் வெந்துகொண்டிருக்கும் என் அன்புக் கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் நலம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கட்டுமா, உனக்குச் சம்மதமா என்று கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் தாண்டிப்போய்ப் படிக்கக் கூடாது. போனில் பேசினால் நீங்கள் ‘எப்படி இருக்கிறாய்’ என்பதும், நான் ‘நல்லா இருக்கேன்’ என்பதும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் மூன்று மாதமாக உங்களிடம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவை மூடிவிடுவதாக இருந்தார்கள். வறட்சியைத் தாங்கும் மக்காச்சோள ரகம் ஒன்றையாவது காட்டினால் பிழைப்போம், இல்லாவிட்டால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நான்கு ரகங்களை இருபத்துநான்கு தொட்டிகளில் விதைத்தோம். எது எந்த ரகம் என்று எனக்கே தெரியாதபடி எண் மட்டும் ஒட்டியிருந்தது. ஒரு மாதம் வளர்ந்ததும் தண்ணீரை நிறுத்தினேன். தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தராசில் வைத்து எடை எழுதுவேன். மண் காயக் காய எடை குறைய வேண்டும். ஒன்பதாம் நாள் பார்த்தால் பத்தொன்பது தொட்டிகளில் எடை கூடியிருந்தது. முதலில் தராசைத்தான் திட்டினேன்.

பிறகு பசுமைக்குடிலைப் பெருக்கும் அக்காவைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. எலயெல்லாம் சுருண்டு கெடந்துச்சு, நீங்கதான் மறந்துட்டீங்கன்னு ரெண்டு வாளி ஊத்தினேன், பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமாம்மா என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வழக்கம் அது.

அழுது முடித்த பிறகுதான் மீதி ஐந்தை ஏன் விட்டார் என்று கேட்கத் தோன்றியது. அதுங்கதான் ஜம்முனு நிக்குதே, அதுக்கு எதுக்குத் தண்ணி என்றார். எங்கள் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். சிரிப்பைப் பூட்டிவைத்துச் சாவியைத் தொலைத்தவர் அவர், உங்களுக்குத்தான் தெரியுமே. எண் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். ஐந்தும் ஒரே ரகம். அந்த ரகத்தின் ஆறாவது தொட்டி கதவோரம் இருந்ததாம், வாளியில் மிஞ்சியதை அக்கா அதில் கவிழ்த்துவிட்டாராம். தலைவர் சிரித்தே விட்டார்.

எண்களை மாற்றி மறுபடி விதைத்தோம். இந்த முறை அக்காவுக்கும் வேலை கொடுத்தார் தலைவர். எந்தச் செடியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதோ அதன் முன்னால் ஒரு சாக்பீஸ் வைக்கவேண்டும், தண்ணீர் மட்டும் கூடாது. ஒவ்வொரு செடியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வைத்தார். பதினெட்டு சாக்பீஸ். பட்டியலைப் பிரித்தால், சாக்பீஸ் இல்லாத ஆறும் அதே ரகம்தான். நேற்று உத்தரவு வந்துவிட்டது. பிரிவை மூடவில்லை. அறிக்கையில் அக்காவின் பெயரும் இருக்கிறது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இலைகளை அரைத்துச் சோதித்ததில் ரகசியம் தெரிந்தது. மண் காயும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடிக்குள் பெருகி, இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. இந்த ரகம் மற்றவற்றைவிட இரண்டு நாள் முன்பே வாயை மூடிக்கொண்டது. புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்து உள்ளே இருந்த ஈரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் துளையை மூடினால் காற்றும் வராது, இலை வெயிலில் செய்யும் சமையல் பாதியில் நின்றுவிடும். அளந்து பார்த்தேன். ஜம்மென்று நின்றதே தவிர, அத்தனை நாளில் அது ஒரு விரற்கடை கூட வளரவில்லை. தண்ணீர் விட்ட பிறகுதான் புது இலை விட்டது.

உங்கள் கடிதத்தைப் பற்றி அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். இன்று காலை என் மேசைமேல் ஒரு சாக்பீஸ் இருந்தது. என்னக்கா இது என்றேன். ஒண்ணுமில்லம்மா, அவரு வர இன்னும் ஒரு வருசமாமே என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம். ஒவ்வொரு முறையும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நான்தான் நன்றாக நின்றேன்.

அந்த சாக்பீஸை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடாமல் கிளம்பி வாருங்கள். கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி